புள்ளும் நிமித்தமும்: தமிழ் இலக்கியத்தில் கூகை

தமிழில் 'புள்' என்னும் சொல் இரு பொருள் உடையது. பறவை என்பது ஒன்று. நிமித்தம் என்பது மற்றொன்று. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்து வைக்கின்றது. அங்கே புள் என்பது சிறகுடைய ஓர் உயிர். அதே நூல் நாளும் புள்ளும் பார்க்கும் வழக்கினையும் பேசுகின்றது. அங்கே புள் என்பது மனிதனுக்கு வரவிருப்பதை முன்னுரைக்கும் குறி. ஒரே சொல் இரண்டையும் சுமந்து வந்தமையால் தமிழிலக்கியத்தில் பறவைக்கு இரண்டு வாழ்க்கைகள் அமைந்துவிட்டன. ஒன்று அது தனக்காக வாழும் வாழ்க்கை. மற்றொன்று மனிதனின் அச்சத்துக்கும் ஆசைக்கும் அடையாளமாக வாழும் வாழ்க்கை. இது தமிழர்க்கே உரிய நிலை அன்று. பழைய உரோமரும் பறவை பார்த்த பின்னரே போருக்குப் புறப்பட்டனர். ஆயினும் ஒரு சொல்லுக்குள்ளேயே இவ்வழக்கு இவ்வளவு தெளிவாகப் பதிந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்விரு வாழ்க்கைகளுள் எது மேலோங்குகின்றதோ அதற்கேற்ப இலக்கியத்தின் கண் கூர்மை பெறுகின்றது அல்லது மங்குகின்றது. இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கூகையைப் போலப் பொருத்தமான பறவை வேறில்லை. தமிழர் மிகுதியாக அஞ்சிய பறவையும் அதுவே. விலங்கியல் அறிஞர் மிக நுணுகி ஆராய்ந்த பறவைகளுள் ஒன்றும் அதுவே. மேலும், அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த நெல்வெளிகளிலும், பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரங்களின் செம்பனைத் தோட்டங்களிலும் எலிகளுக்கு எதிராக மனிதன் துணைக்கு அழைக்கும் பறவையும் அதுவே. ஆகவே, கூகையைப் பற்றிய தமிழ் எழுத்து எங்கிருந்து எங்கு வந்துள்ளது என ஆராய்வது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. கெடாவின் தமிழாசிரியரும் மாணவரும் நாள்தோறும் கையாளும் மொழியைப் பற்றிய வினாவே இது.

சங்கப் புலவர் கண்ட கூகை

அகநானூற்றின் 122ஆம் பாட்டு பரணர் பாடியது. இரவில் தலைவனைச் சந்திப்பதற்கு எத்தனை தடைகள் என்று அது ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிச் செல்கின்றது. ஊர் உறங்கினால் தாய் உறங்குவதில்லை. தாய் உறங்கினால் காவலர் சுற்றி வருகின்றனர். அவர்கள் உறங்கினால் நாய் குரைக்கின்றது. நாய் அடங்கினால் நிலவு காய்கின்றது. நிலவும் மலையிற் சென்று மறைந்து இருள் செறிந்தால், அப்போது கூகை குழறுகின்றது. இவ்விடத்தில் பரணர் பேய்கள் திரியும் நள்ளிரவு என்று அச்சத்தையும் சொல்லத் தவறவில்லை. ஆனால் அதற்கு முன்பே அந்தக் கூகையின் வாய் வலியது என்கின்றார். வீட்டில் வாழும் எலியே அதன் உணவு என்கின்றார். காதலியின் நெஞ்சு நடுங்கும் வேளையிலும் புலவரின் கண் பறவையின் உணவினை விட்டு விலகவில்லை.

நற்றிணையின் 83ஆம் பாட்டில் இது இன்னும் விரிவாக அமைகின்றது. பெருந்தேவனார் பாடிய அப்பாட்டில் தோழி நேரே கூகையை அழைத்துப் பேசுகின்றாள். தலைவன் வேலிப்புறத்தில் நின்று கேட்கிறான் என்பது துறை. ஊர் வாயிலில், நீர்த்துறைக்கு அருகில் உள்ள கடவுள் மரத்தில் நெடுநாள் உடன் வாழ்ந்து பழகிய பறவை அது. வளைந்த அலகு, தெளிந்த கண், கூரிய நகம் ஆகியவற்றை அவள் வரிசையாகச் சொல்கின்றாள். பின்னர் ஓர் உடன்பாடு பேசுகின்றாள். இறைச்சி கலந்த நெய்ச்சோற்றோடு சுட்ட எலியும் நிறையத் தருவோம். காதலர் வரவை எண்ணித் துயிலாது கலங்கும் வேளையில் அஞ்சும்படி குரல் எழுப்பாதே என்பதே அந்த உடன்பாடு. அச்சம் இப்பாட்டிலும் உண்டு. ஆனால் அஞ்சுகின்றவள் பறவையை விரட்டவில்லை. அதற்கு எது பிடிக்கும் என்று அறிந்து, அதனைத் தந்து, அயலாரிடம் பேசுவது போல் பேசுகின்றாள்.

குறுந்தொகையின் 153ஆம் பாட்டில் கபிலரின் தலைவி முன்பெல்லாம் கூகை குழறினாலே தன் நெஞ்சு அஞ்சியதாகவும், அதே நெஞ்சு இப்போது தலைவனோடு இருள் நிறைந்த மலைவழியில் போய்விட்டதாகவும் கூறுகின்றாள். இங்குக் கூகையின் குரல் ஓர் அளவுகோல். காதலுக்கு முன் அச்சம் எவ்வளவு குறைந்தது என்பதை அது காட்டுகின்றது. புறநானூறோ கூகையை ஈமக்காட்டில் வைக்கின்றது. முதுமரப் பொந்திலிருந்து அது கூவுவதை 364ஆம் பாட்டு சொல்லும்போது நிலையாமை உணர்வு எழுகின்றது. ஆகவே சங்க காலத்தார் கூகைக்கு அஞ்சவில்லை என்று கூறுவதற்கில்லை. அஞ்சினர். அஞ்சிய போதும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

சங்க நூல்களில் கூகை, குடிஞை, ஊமன், ஆண்டலை எனப் பல பெயர்கள் வருகின்றன. அவற்றை இனம் பிரித்தறியும் முயற்சியில் பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூல் குறிப்பிடத்தக்கது. பறையோசை போன்ற குரல் என்று பாட்டுகள் சொல்வது பெரிய ஆந்தை வகைகளுக்குப் பொருந்துகின்றது. வீட்டெலியை உண்டு ஊருக்கருகில் மரப்பொந்தில் வாழ்வது, இக்காலத்தில் கூகை என்றே வழங்கப்படும் வெண்முகப் பறவைக்கு மிகவும் பொருந்துகின்றது. ஒரு பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைத் தழுவியிருக்கவும் கூடும். எவ்வாறாயினும், அப்பெயர்களைச் சொன்னவர்கள் பறவையைப் பார்த்தே சொன்னார்கள் என்பதில் ஐயமில்லை.

வள்ளுவரின் காக்கை

திருக்குறளின் 481ஆம் குறள் காலமறிதல் அதிகாரத்தின் தொடக்கமாக நிற்பது. தன்னினும் வலிய கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடும். பகையை வெல்ல விரும்பும் வேந்தனுக்கும் அவ்வாறே காலம் வேண்டும் என்பது அதன் கருத்து. பள்ளிகளில் இக்குறள் அரசியல் அறமாகக் கற்பிக்கப்படுகின்றது. அதனுள் அடங்கியுள்ள இயற்கைக் காட்சி பெரும்பாலும் விளக்கப்படாமலே கடந்து செல்கின்றது.

பகலில் வெளிப்பட்ட ஆந்தையைச் சிறு பறவைகள் சூழ்ந்து கூச்சலிட்டுத் துரத்துவது விலங்கியலார் நன்கறிந்த நடத்தை. கொன்று தின்னும் பறவை அருகில் இருப்பதைத் தம் இனத்துக்கு அறிவிப்பதும், அதனை அவ்விடத்தைவிட்டு அகலச் செய்வதும் இதன் பயன்கள் என்பர். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கார்ல் வான் பிரிஷ், கொன்ராட் லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகிய மூவரும் 1973இல் நோபல் பரிசு பெற்ற பின்னர் இத்தகைய ஆய்வுகள் உலகெங்கும் மதிப்புப் பெற்றன. 1978இல் ஜெர்மானிய அறிஞர் எபர்ஹார்ட் கூரியோவும் அவருடைய துணைவர்களும் கரும்பறவைகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டனர். அது இலக்கிய மாணவருக்கும் பயன்படக்கூடியது.

ஒரு கூண்டில் இருந்த பறவைக்கு ஆந்தை காட்டப்பட்டது. அது அஞ்சிக் கூச்சலிட்டது. எதிர்க்கூண்டில் இருந்த அனுபவமற்ற பறவைக்கு அந்த ஆந்தை தெரியாதவாறு மறைக்கப்பட்டு, அதே நேரத்தில் தீங்கு செய்யாத வேறொரு பறவை காட்டப்பட்டது. முதற்பறவையின் கூச்சலைக் கேட்ட இரண்டாம் பறவை, அத்தீங்கற்ற பறவையே பகை என்று கற்றுக்கொண்டது. பின்னர் அது மூன்றாம் பறவைக்கு அதனையே கற்பித்தது. இவ்வாறு தவறான அச்சம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராகச் சென்றது. கடைசியில் நின்ற பறவை ஆந்தையைக் கண்டதே இல்லை. ஆயினும் தன் அச்சத்தில் அதற்குச் சிறிதும் ஐயமில்லை. இலக்கியத்தில் மரபு என்று சொல்லப்படுவனவற்றுள் சில இவ்வகையைச் சேர்ந்தவை.

எண்ணிக்கையும் எதிரொலியும்

பிற்காலத்தில் கூகையின் குரலுக்குக் கணக்கு வகுக்கப்பட்டது. ஒருமுறை அலறினால் இன்னது, இருமுறை அலறினால் இன்னது என்று ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு பலனைச் சொல்லும் நாட்டார் வழக்குச் செய்யுள் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்து லயங்கள் வரை வாய்வழியாக வந்தது. சாவுக்குருவி என்ற பெயரும் உடன் வந்தது. இச்செய்யுளில் குரல் உண்டு, எண் உண்டு, பலன் உண்டு. அலகும் கண்ணும் நகமும் எலியும் இல்லை. புள் என்னும் சொல்லின் முதற்பொருள் உதிர்ந்து இரண்டாம் பொருள் மட்டுமே எஞ்சிய நிலை இது.

இந்நிலையின் தாக்கம் இக்காலப் படைப்புகளிலும் தெளிவாகக் காணப்படுகின்றது. தோட்டத்தைக் களமாகக் கொண்ட சிறுகதைகளிலும் பள்ளி மாணவர் கட்டுரைகளிலும் ஒரு மரணமோ கொடுமையோ நிகழுமுன் எங்கோ ஓர் ஆந்தை அலறுகின்றது. எந்த மரத்தில் இருந்து, எவ்வகை ஆந்தை, எதற்காக என்று எழுதியவர் சொல்வதில்லை. வாசகரும் கேட்பதில்லை. அந்த வாக்கியம் இரவு என்பதற்கும் தீமை என்பதற்கும் ஒட்டப்பட்ட முத்திரையாகி விட்டது. எழுதியவர் உண்மையில் அந்த ஆந்தையைக் கேட்டாரா என்ற ஐயம் எழுவதற்கே அங்கு இடமில்லை. ஏனெனில் அவர் கேட்டது முந்தைய கதையின் ஆந்தையை. கூரியோவின் கூண்டில் கடைசியில் நின்ற பறவையின் நிலையே இது.

இது ஒரு நடைக்குறை மட்டுமே என்று சிலர் கருதலாம். அது முழுமையான கருத்தன்று. அச்சத்தைச் சொல்ல விரும்பும் எழுத்தாளர் தேய்ந்த முத்திரையைக் குத்தும்போது அச்சமும் வாசகரைச் சென்று சேர்வதில்லை. பரணரின் பாட்டில் நடுக்கம் உண்மையாக இருப்பதற்குக் காரணம், அங்குக் கூகை உண்மையாக இருப்பதே. பறவை மறைந்த இடத்தில் உணர்ச்சியும் மறைகின்றது.

இருளில் கேட்கும் செவி

கூகையின் குரலை எண்ணியவர் நாட்டார் மட்டும் அல்லர், அறிவியலாரும் எண்ணினர். ஆனால் அவர்கள் எண்ணியது வேறு பொருளை அறிவதற்காக. கூகை சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக முட்டையிடுவதால் ஒரே கூட்டில் மூத்த குஞ்சும் இளைய குஞ்சும் சேர்ந்து வளர்கின்றன. தாயும் தந்தையும் இரை தேடிச் சென்றிருக்கும் வேளையில் அக்குஞ்சுகள் மாறி மாறிக் கரகரத்த ஒலி எழுப்புகின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் ரூலேன் தம் துணைவர்களோடு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதன் பொருளை விளக்கியது. மிகுந்த பசியுடைய குஞ்சு மிகுதியாகக் குரல் கொடுக்கின்றது. அதனைக் கேட்ட உடன்பிறப்புகள் அடுத்து வரும் இரைக்காகப் போட்டியிடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. வரும் இரை ஒன்றுதான். அதற்கு யாருடைய தேவை பெரிது என்பது சண்டைக்கு முன்பே குரலால் பேசி முடிக்கப்படுகின்றது. மூத்த குஞ்சு தனக்குக் கிடைத்ததை இளையதற்கு ஊட்டுவதும் காணப்பட்டுள்ளது.

நள்ளிரவில் கூரைக்கு மேலிருந்து வரும் அச்சமூட்டும் ஒலியை எண்ணி ஒருவர் வீட்டில் சாவு வரும் என்றார். அதே ஒலியை எண்ணி மற்றொருவர் குஞ்சுக்குப் பசி என்றார். இருவரும் கேட்டது ஒன்றே. முதலாமவர் ஒலியில் தம்மையே தேடினார். இரண்டாமவர் ஒலி எழுப்பியதைத் தேடினார். இவ்வேறுபாடே திறனாய்வுக்கு உரியது.

கூகை இரை பிடிக்கும் முறையும் இவ்வாறே பல நூற்றாண்டுகள் மந்திரமாகத் தோன்றியது. அமெரிக்க அறிஞர் ரோஜர் பெய்ன் ஒளி சிறிதும் புகாத அறையில் கூகையை வைத்துச் சோதித்தார். 1971இல் விரிவாக வெளிவந்த அவருடைய ஆய்வின்படி, அது தரையில் நகரும் எலியைச் சரசரப்பு ஒலியால் மட்டுமே அறிந்து தவறாமல் பிடித்தது. நூலில் கட்டி இழுக்கப்பட்ட காகித உருண்டையின் மீதும் பாய்ந்தது. ஒரு காதினை அடைத்தபோது குறி தவறியது. கூகையின் இரு செவித்துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக அமைந்துள்ளன. அதனால் ஒலி மேலிருந்து வருகின்றதா, கீழிருந்து வருகின்றதா என்பது இரு செவிகளிலும் ஒலியின் வலிமை வேறுபடுவதால் தெரிந்துவிடுகின்றது. இடமா வலமா என்பது இரு செவிகளையும் ஒலி சென்றடையும் கால வேறுபாட்டால் தெரிகின்றது. தட்டுப் போன்ற வட்ட முகம் ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்புகின்றது. எரிக் நட்சனும் மசாகாசு கொனிஷியும் 1978இல், கூகையின் மூளையில் ஒலி வரும் திசைகளுக்கு ஒரு வரைபடம் போன்ற அமைப்பு உள்ளது என்று காட்டினர். சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பும், மேற்பரப்பில் பட்டுப் போன்ற மென்மையும் இருப்பதால் பறக்கும் ஓசையும் மிகக் குறைவு.

பெருந்தேவனார் தெளிந்த கண்ணைக் கண்டார், செவியைக் காணவில்லை. முகத்து இறகுகளின் கீழ் மறைந்துள்ள துளைகளை அவர் காணாமல் போனதில் வியப்பில்லை. அறிவியல் அவர் தொடங்கியதை மறுக்கவில்லை, தொடர்ந்து செல்கின்றது. கூர்ந்து பார்த்தல் என்ற ஒன்றில் சங்கப் புலவரும் இக்கால விலங்கியலாரும் ஒரே குடும்பத்தினர். இடையில் வந்த எண்ணிக்கைச் செய்யுளே அக்குடும்பத்துக்கு அயலானது.

கெடாவின் கூகை

மலாயாத் தீபகற்பத்தில் இப்பறவை ஒரு காலத்தில் மிக அரிதாக இருந்தது. 1960களின் இறுதியில் ஜொகூர் மாநிலச் செம்பனைத் தோட்டத்தில் அது கூடு கொண்டது அறியப்பட்டது. செம்பனை பரவப் பரவ எலியும் பரவியது. எலியைத் தொடர்ந்து கூகையும் வடக்கு நோக்கி வந்தது. பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்த தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலர் வாழ்விழந்து ஊர் மாறிய காலமும் ஏறத்தாழ இதுவே. ஒரே மாற்றம் ஓர் உயிரை அழைத்து வந்தது, மற்றவரை வெளியேற்றியது. தோட்ட வாழ்வை எழுதிய தமிழ்க் கதைகள் இரண்டாவதை மிகுதியாகப் பதிவு செய்துள்ளன. முதலாவது பெரும்பாலும் எவர் கண்ணிலும் படவில்லை.

கிரகாம் லென்டன் 1970களில் மலேசியக் கூகையை ஆராய்ந்தார். கூகை செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும் இயல்புடையது. அவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்ததில் தோட்டத்துக் கூகையின் உணவு ஏறத்தாழ முழுவதும் எலியே என்பது தெரிந்தது. குஞ்சுகளோடு வாழும் ஓர் இணை ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளை உண்ணும் என்பது ஆய்வாளர் கணிப்பு. பரணர் வீட்டெலி என்றார். லென்டன் தோட்டத்தெலி என்றார். இடையில் கழிந்தவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். இதன் பின்னர்த் தோட்டங்களில் கம்பங்களின் மேல் மரப்பெட்டிகள் கூடாக வைக்கப்பட்டன.

கெடாவின் நெல்வெளியில் இதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970 முதல் இருபோக நெல் விளைச்சல் தொடங்கியது. ஏறத்தாழ 1,00,000 ஹெக்டேர் பரப்புடைய அவ்வயல்களை நிர்வகிக்கும் வாரியம் அலோர் ஸ்டாரைத் தலைமையிடமாகக் கொண்டது. பயிர் இடைவிடாது நிற்கும் நிலத்தில் எலிக்கும் உணவு இடைவிடாது கிடைக்கின்றது. அங்கும் கூகைக்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மலாய்மொழியில் ஆந்தைக்குப் பொதுப்பெயர் 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப்பறவை. ஆனால் இக்கூகைக்கு உரிய பெயர் 'புங்கோக் ஜெலாப்பாங்'. ஜெலாப்பாங் என்பது நெற்களஞ்சியம். கெடா மாநிலத்துக்கு வழங்கும் சிறப்புப் பெயரிலும் இதே சொல் உள்ளது. பேய் என்ற பெயரும் களஞ்சியம் என்ற பெயரும் ஒரே பறவைக் குடும்பத்துக்கு அருகருகே வழங்குவது, தமிழில் புள் என்னும் சொல்லின் இரு பொருள்களை நினைவூட்டுகின்றது.

கூகை மட்டுமே எலியை அடக்கிவிடும் என்று கூறுவதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆதலால் தோட்டங்களில் எலிமருந்தும் வைக்கப்படுகின்றது. இங்கேதான் பறவையின் நலம் பற்றிய வினா எழுகின்றது. பழைய மருந்துக்கு எலிகள் பழகிவிட்டமையால் அதனினும் கடுமையான மருந்துகள் 1980களில் புகுந்தன. அவை இரத்தம் உறைவதைத் தடுத்து உட்கசிவால் கொல்பவை. மருந்துண்ட எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அந்த எலியே கூகைக்கு எளிதில் அகப்படும் இரை. நஞ்சு எலியிலிருந்து கூகைக்குச் செல்கின்றது. தீபகற்ப மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் இம்மருந்துகளால் கூகைகள் குறைவதாக டக்கெட் என்பவர் 1984இலேயே எழுதினார். ஒரு கையால் பெட்டி வைத்து அழைத்த பறவையை மறு கையால் கொல்லும் நிலை இது.

நற்றிணைத் தோழி கூகைக்கு எலி தருவதாகச் சொன்னாள். அவள் தர முன்வந்தது நல்ல எலி. அவளுக்கு வேண்டியது அமைதி. பறவைக்கு வேண்டியது உணவு. இரண்டையும் அவள் எண்ணிப் பார்த்தாள். தோட்டமும் கூகையோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. தோட்டத்துக்கு வேண்டியது விளைச்சல். பறவைக்கு வேண்டியது எது என்ற எண்ணம் அந்த உடன்பாட்டில் எவ்வளவு உள்ளது என்பதை அப்பாட்டினைக் கற்றவர் கேட்கலாம். பயனுள்ள பறவை என்பதற்காக மட்டும் அதனைப் போற்றுவதும் ஒருவகையில் நிமித்தம் பார்ப்பதே. அங்கும் மனிதன் பறவையில் தன் இலாபத்தையே காண்கின்றான்.

சோ. தர்மனின் கூகை

இக்காலத் தமிழ்ப் புனைகதையில் இப்பறவைக்கு மதிப்பை மீட்டுத் தந்த படைப்பு சோ. தர்மன் எழுதிய 'கூகை' என்னும் நாவல். 2005இல் வெளிவந்த அது கோவில்பட்டியை ஒட்டிய கரிசல் நிலத்துத் தலித் மக்களின் வாழ்வைச் சொல்கின்றது. பகலில் சிறு பறவைகளால் துரத்தப்படும் கூகை அங்கு ஒடுக்கப்பட்டோரின் உருவகமாக அமைகின்றது. வலிமை உடையதாயினும் கண்ட இடமெல்லாம் விரட்டப்படுவது. தீங்கு செய்யாதாயினும் தீண்டத்தகாததாக ஒதுக்கப்படுவது. வள்ளுவர் காக்கையின் வெற்றியைக் கண்ட அதே காட்சியில் தர்மன் கூகையின் துன்பத்தைக் காண்கின்றார். அரசனுக்குக் காலம் சொல்லிய உவமை, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் கதையாக மாறுகின்றது.

இவ்வுருவகம் வெற்றி பெறுவதற்குக் காரணம் அது வெறும் கற்பனை அன்று என்பதே. பகற்கூகை துரத்தப்படுவது வயற்காட்டில் எவரும் காணக்கூடிய நிகழ்ச்சி. ஆசிரியர் பறவையைப் பார்த்திருக்கின்றார். ஆகவே பறவை மனிதனைப் பற்றிப் பேசும் வலிமை பெறுகின்றது. ஆயினும் ஒரு குறிப்பினை இங்குச் சேர்ப்பது தகும். நாவலின் கூகையும் இறுதியில் மனிதரின் அடையாளமே. தீய நிமித்தம் நல்ல நிமித்தமாக மாறியுள்ளது. அது பெரிய மாற்றம். கூகை கூகையாகவே நிற்கும் உரைநடை தமிழில் இன்னும் குறைவு. அத்தகைய உரைநடைக்கு மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை முன்மாதிரியாகக் கொள்ளலாம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனான அவர் 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பில் உள்ள அவருடைய எழுத்தில் விலங்கும் பறவையும் எதற்கும் அடையாளம் ஆகாமல் தம் இயல்பில் உலவுகின்றன. நடையும் எளிமையாக இருக்கின்றது.

வகுப்பறையின் பங்கு

இலக்கியத்தில் மரபு வேண்டாம் என்று கூறுவதற்கில்லை. கூகையின் குரலுக்கு நெஞ்சு நடுங்குவதும் மனித இயல்பே. தாய் உறங்காத இரவில், நோயாளி படுத்திருக்கும் வீட்டில், அக்குரல் கேட்டால் அறிவியல் படித்தவரும் ஒரு கணம் திடுக்கிடுவர். அந்தத் திடுக்கிடலை எழுதுவது எழுத்தாளரின் உரிமை. ஆனால் திடுக்கிட்டவர் தலையை உயர்த்திப் பார்க்கவும் வேண்டும். சங்கப் புலவர் இரண்டையும் செய்தனர். பின்வந்தோர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டனர். இழந்த பாதி இன்று ஆய்வுக்கூடங்களிலிருந்தும் தோட்டத்துப் பெட்டிகளிலிருந்தும் திரும்பி வந்துள்ளது. அதனைத் தமிழுக்குள் கொண்டுவருவது எழுத்தாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய பணி.

இதற்குப் புதிய பாடநூல் தேவையில்லை. நற்றிணையின் 83ஆம் பாட்டினைக் கற்பிக்கும் ஆசிரியர், அருகிலுள்ள செம்பனைத் தோட்டத்துக் கம்பத்தின் மேல் நிற்கும் பெட்டியைச் சுட்டிக்காட்டலாம். அதன் அடியில் கிடக்கும் உருண்டையில் எலியின் எலும்பு இருப்பதை மாணவர் தம் கண்ணால் காணலாம். 481ஆம் குறளைக் கற்பிக்கும்போது பகலில் ஆந்தையைச் சூழ்ந்து காக்கைகள் கத்தும் காட்சியை நினைவுபடுத்தலாம். பாட்டு பழமையானது என்ற எண்ணம் அப்போது தானாகவே அகலும்.

பின்னர் ஒரு மாணவர் தம் கட்டுரையில் நள்ளிரவில் ஆந்தை அலறியது என்று எழுதினால், அதனைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இரண்டு வினாக்கள் போதும்: எந்த ஆந்தை? எதற்காக?